பீங்கான் கடிகாரத்துக்கு ஒரு நாள் லீவு

ஆயுத பூஜை அன்று பட்டறையில் எல்லா இயந்திரங்களுக்கும் விடுமுறை. கடைசல் இயந்திரம் ஓடவில்லை. துளை போடும் இயந்திரம் ஓடவில்லை. மேசை விசிறிக்குக்கூட மாலை போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டிக், டிக், டிக்.

லீலா பொரிப் பொட்டலத்துடன் அலுவலக அறையின் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, கடியாரம் மெஷினா இல்லையா?"

"மெஷின்தான்," என்றார் கோதண்டம்.

"அப்ப அதுக்கு மட்டும் ஏன் லீவு இல்ல?"

கோதண்டம் யோசித்தார். அவர்தான் பட்டறையின் மூத்த கடைசல்காரர். பதில் தெரியாவிட்டால் சும்மா எதையாவது சொல்லிவைக்க மாட்டார்.

பக்கத்தில் நின்ற சின்னப்பையன் சிரித்தார். பெயர்தான் சின்னப்பையன். தலை முழுவதும் நரைத்திருந்தது. "பாப்பா கேக்கறது நியாயந்தான்ணே. ஆயுத பூஜை அன்னிக்கு வேலை வாங்கினா டபுள் ஓ.டி. குடுக்கணும். கடியாரத்துக்கு எவன் குடுப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். லீலா சிரிக்கவில்லை. அவள் உண்மையாகவே கேட்டிருந்தாள்.

அது சாதாரணக் கடிகாரம் இல்லை. ஒரு முழ உயரம். தங்க நிறப் பித்தளை உடம்பு. முன்னாலும் பக்கங்களிலும் வான நீலத்தில் பீங்கான் பலகைகள் பதித்திருந்தார்கள். முன்பக்கப் பலகையில் ஒரு பெண்ணின் ஓவியம். அகலமான தொப்பி, கையில் பூக்கூடை, காலடியில் ஓர் ஆட்டுக்குட்டி. பட்டறையில் எல்லோரும் அவளைத் தொப்பிக்காரி என்றார்கள். கடிகாரத்தின் உச்சியில் மூடி போட்ட ஒரு குட்டிப் பீங்கான் ஜாடி இருந்தது. அதை மட்டும் ஊறுகாய் ஜாடி என்றார்கள்.

எண்கள் ரோமன் எண்கள். ஒவ்வோர் எண்ணும் தனித்தனி வெள்ளைப் பீங்கான் வில்லையில் எழுதியிருந்தது. லீலா ரோமன் எண் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, இங்கேதான்.

பட்டறை முதலாளி ராஜாமணி அம்மாளின் அப்பா ஒரு காலத்தில் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு வியாபாரியிடம் வேலை பார்த்தவர். வியாபாரி தன் நாட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு இந்தக் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பிறகு அது அம்மாளுக்கு வந்தது. அம்மாள் தண்டலத்தில், பெங்களூர் சாலை ஓரமாக, போல்ட் பட்டறை தொடங்கியபோது கூடவே அதுவும் வந்தது.

அந்தச் சாலையில் இருந்த எந்தக் கம்பெனியிலும் அப்படி ஒன்று கிடையாது. லாரிக்காரர்கள்கூட வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போவார்கள். பட்டறை ஆட்களுக்கு அதில் ரொம்பப் பெருமை.

"சரி," என்றார் கோதண்டம். "அதுக்கும் லீவு குடுத்துடலாம்."

அவர் ஒரு சின்னச் சாமந்தி மாலையை எடுத்து ஊறுகாய் ஜாடியின் கழுத்தில் போட்டார். பித்தளையில் சந்தனம் வைத்தார். குங்குமப் பொட்டு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தொப்பிக்காரி நெத்தியில வெய்யுங்க நைனா," என்றாள் லீலா.

விரல் பெரிதாக இருந்தது. நெற்றியோ கடுகளவு. கோதண்டம் ஒரு தீக்குச்சியின் நுனியில் குங்குமத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார்.

வாசல்காவலர் யாகப்பன் எட்டிப் பார்த்தார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். "பூஜை உங்குளுது, பொரி நம்புளுது" என்று சொல்லிக்கொண்டு வருஷம் தவறாமல் வந்துவிடுவார்.

"அட! இப்பத்தான் நம்ப ஊர்ப் பொண்ணு மாதிரி கீது," என்றார்.

கடிகாரம் அப்போதுதான் பத்து அடித்து முடித்திருந்தது. கோதண்டம் பின்பக்கக் கதவைத் திறந்து, ஆடிக்கொண்டிருந்த ஊசலை ஒரு விரலால் மெல்லப் பிடித்தார்.

டிக்.

நின்றுவிட்டது.

"தூங்கு," என்றாள் லீலா.

ராஜாமணி அம்மாள் பூஜை முடிந்ததுமே மெட்ராஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார். இது எதுவும் அவருக்குத் தெரியாது.

மறுநாள் விஜயதசமி. காலை எட்டு மணிக்குக் கற்பூரம் காட்டி இயந்திரங்களை மறுபடி ஓட்டினார்கள். பட்டறை இரைந்தது. கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஓட்டிவிட்டிருந்தார்கள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் லீலாவும் அப்பாவுடன் வந்து அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி இருக்கும் நாட்களிலும் மாலையில் அவள் இங்கே வந்துவிடுவாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

வாசலில் ஒரு வேப்பமரம். அதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. சாப்பாட்டு நேரத்துக்கும் வேலை முடிவதற்கும் யாகப்பன்தான் அதை அடிப்பார். கடிகாரம் இருக்கும் அறை வாசலிலிருந்து தெரியாது. அதன் மணி மட்டும் கேட்கும். யாகப்பன் விரல் விட்டு எண்ணுவார். பன்னிரண்டு வந்தால் சாப்பாடு. அந்தக் கணக்கு ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று தவறியது.

கடிகாரம் அடித்தது. யாகப்பன் எண்ணினார். பன்னிரண்டு. தண்டவாளத்தை ஓங்கி அடித்தார்.

இயந்திரங்கள் நின்றன. ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"இன்னாய்யா இது? இப்பத்தானே உள்ள போனோம்?"

"எனக்குப் பசிக்கவே இல்லியே!"

"மணி அடிச்சா சோறு துன்னணும். கேள்வி கேக்கக்கூடாது," என்று சின்னப்பையன் டிபன் கேரியரைத் திறந்தார்.

அவர் முதல் வாய் வைத்தபோது அம்மாளின் கார் உள்ளே வந்தது. பின் இருக்கையில் மெட்ராஸ் லாரிக் கம்பெனிக்காரர் ஒருவர் இருந்தார். பட்டறை எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கிறது என்று காட்ட அம்மாள் அவரைக் கூட்டி வந்திருந்தார்.

அம்மாள் இறங்கினார். வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன கோதண்டம், இது காலைச் சாப்பாடா, மத்தியானச் சாப்பாடா? மணி பத்துதானே ஆகிறது?"

சின்னப்பையனுக்கு வாயில் இருந்ததை விழுங்க முடியவில்லை.

"கடியாரம் பன்னண்டு அடிச்சிதுங்கம்மா," என்றார் யாகப்பன். "எண்ணிக்கினுதான் அடிச்சேன்."

எதிர்ப்பக்கம் மரம் அறுக்கும் மில். அதன் வாசல்காவலர் பாண்டுரங்கன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாலைக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினார்.

"யோவ் யாகப்பா! உங்க பாரின் கடியாரத்துக்கு எண்ணத் தெரியாதா? இஸ்கூலுக்கு அனுப்புய்யா!"

மில் ஆட்கள் சிரித்தார்கள். லாரிக் கம்பெனிக்காரரும் சிரித்துவிட்டார்.

அம்மாள் சிரிக்கவில்லை. விருந்தாளியை அனுப்பிவிட்டு நேராக அலுவலக அறைக்குப் போனார். கடிகாரத்தின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முட்கள் சரியான நேரத்தைத்தான் காட்டின. பதினொன்று ஆனதும் கடிகாரம் அடித்தது.

ஒரே ஒரு அடி. அவ்வளவுதான்.

அம்மாளின் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் அவர் சந்தனத்தையும் பொட்டையும் கவனித்தார்.

"யார் இதுக்குப் பொட்டு வச்சது?"

"நான்தாம்மா," என்றார் கோதண்டம்.

"நேத்து இதை நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேம்மா."

வராந்தாவிலிருந்து லீலா உள்ளே ஓடி வந்தாள். "அம்மா, லீவு குடுக்கச் சொல்லிக் கேட்டது நான். நைனா இல்ல."

அம்மாள் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "நீ சின்னப் பொண்ணு. கேட்பே. அவர் பெரியவர். இது எங்க அப்பா வச்சிருந்த பொருள்."

சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தார். பீங்கான் பளபளவென்று ஆகிவிட்டது. ஒரு கறையும் இல்லை.

"மேலே துடைச்சா போயிடுது. உள்ளே போன சந்தனத்தை யார் துடைக்கிறது? சனிக்கிழமை வண்டி மெட்ராஸ் போகுதில்லையா, அதுல இதை ஏத்தி எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. அலமாரியில சும்மா நிக்கட்டும். பட்டறைக்கு மணி சொல்ல ஒரு மின்சாரச் சங்கு வாங்கிக்கலாம்."

பிறகு கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்க கோதண்டம்."

கடிகாரத்தின் சாவி கோதண்டத்தின் இடுப்புக் கயிற்றில் இருந்தது. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து திங்கட்கிழமைதோறும் அவர்தான் சாவி கொடுப்பார். வேறு யார் கையிலும் அம்மாள் அதைத் தந்ததில்லை.

கோதண்டம் முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்று மாலை அவர் லீலாவுடன் வீடு திரும்பினார். உலை வைத்தார், ரசம் வைத்தார், லீலாவுக்குப் போட்டார். நடுநடுவே கை மட்டும் இடுப்புக்குப் போய், அங்கே எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது.

லீலாவின் அம்மா கனகம் இறந்துபோன பிறகு அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலையில் மட்டும் விசில் அடித்துக்கொண்டே சட்டை போடுவார். சாவி கொடுக்கும் நாள். லீலா அந்த விசிலுக்காகவே திங்கட்கிழமை சீக்கிரம் எழுந்துவிடுவாள்.

இனி அந்த விசில் வராது. அதை நினைத்தபோது அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் லீலா வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள். வீட்டுப்பாட நோட்டைத் திறந்தாள். எழுதவில்லை. காதை மட்டும் உள்ளே வைத்திருந்தாள்.

நான்கு மணிக்குக் கடிகாரம் ஆறு அடித்தது. அரை மணிக்கு வழக்கம்போல ஒன்று. ஐந்து மணிக்கு ஏழு.

லீலா நிமிர்ந்தாள்.

நேற்று பத்துக்குப் பன்னிரண்டு. பதினொன்றுக்கு ஒன்று. பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்றிலிருந்துதானே ஆரம்பிக்கும்? இன்று நான்குக்கு ஆறு. ஐந்துக்கு ஏழு. எப்போது பார்த்தாலும் இரண்டு கூட. ஒருமுறைகூட மூன்று கூடவில்லை. ஒருமுறைகூட ஒன்று குறையவில்லை.

அவளுடைய வகுப்பில் ஒரு பையனின் சைக்கிள் மணி கெட்டுப்போயிருந்தது. அது ஒரு சமயம் அடிக்கும். ஒரு சமயம் அடிக்காது. குழியில் இறங்கினால் தானாக அடிக்கும். கெட்டுப்போவது என்றால் அதுதான்.

இந்தக் கடிகாரம் தப்பைக்கூட ஒழுங்காகச் செய்கிறதே!

அவள் நோட்டை மூடிவிட்டு வாசலுக்கு ஓடினாள். யாகப்பன் தண்டவாளத்தை அடித்து முடித்து, ஸ்டூலில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று முழுவதும் பாண்டுரங்கன் அவரை விடவில்லை.

"மாமா, பூஜைக்கு அடுத்த நாள் கடியாரத்தை யார் ஓட்டினது?"

"நாந்தான் பாப்பா. எட்டு மணிக்கு ரேடியோவுல டயம் சொன்னான். உங்க நைனா கற்பூரம் காட்டிக்கினு இருந்தாரு. ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு நானே ஓட்டிவுட்டேன்."

"எப்படி ஓட்டினீங்க?"

"அது பத்துல நின்னுக்கினு இருந்துச்சு. முன்னால திருப்பினா எத்தினி சுத்து சுத்தணும்! ஒவ்வொண்ணுக்கும் நின்னு நின்னு அடிக்கும். பின்னால திருப்பினா ரெண்டே சுத்து. சத்தமே வராம எட்டுக்கு வந்துடுச்சு." யாகப்பன் சற்றுப் பெருமையாகத்தான் சொன்னார்.

"சத்தமே வரலியா?"

"ஊஹூம்."

லீலா வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள். கண்ணாமூச்சி ஆடும்போது மரத்தில் முகம் புதைத்து எண்ணுவது போலவே இருந்தது. எண்ணுகிறவள் எதையும் பார்ப்பதில்லை. ஒன்பதுக்குப் பிறகு பத்து, பத்துக்குப் பிறகு பதினொன்று. யார் எங்கே ஓடினாலும் அவளுக்குத் தெரியாது.

மணியும் அப்படித்தான்! அது முள்ளைப் பார்த்து அடிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறது. பத்து அடித்துவிட்டுத் தூங்கியது. எழுந்ததும் அடுத்து பதினொன்று அடித்தது. யாகப்பன் மாமா முள்ளைப் பின்னால் கொண்டுபோனது அதற்கு எப்படித் தெரியும்?

"மாமா! அது கெட்டுப் போகல!"

அவள் சொல்லி முடித்ததும் யாகப்பன் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப நாந்தான் கெடுத்தேனா? உங்க நைனா சாவி போனது என்னாலயா?"

"நீங்க கெடுக்கலை மாமா. அது பத்து மணிக்கு லீவுல போச்சு. அடுத்த நாள் பத்து மணிக்குத்தான் லீவு முடியும். நீங்க எட்டு மணிக்கே எழுப்பிட்டீங்க. லீவுல ரெண்டு மணி நேரத்தைப் பிடிச்சுக்கினீங்க. அவ்ளோதான்."

"திருப்பிக் குடுத்துட்டா சரியாப் போயிடுமா?"

"போயிடும்னுதான் நினைக்கிறேன்."

யாகப்பன் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு அம்மா கிட்ட சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

சனிக்கிழமை காலையில் அலுவலக அறையில் ஒரு மரப்பெட்டி தயாராக இருந்தது. உள்ளே வைக்கோல். வண்டி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பும். கோதண்டம் கடிகாரத்தைத் தூக்க வந்து நின்றார். அம்மாள் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றாள் லீலா. "இப்ப ஒன்பது ஆகப்போகுது. அது பதினொண்ணு அடிக்கும் பாருங்க."

பெரிய முள் மேலே வந்தது. கடிகாரம் பதினொன்று அடித்தது.

அம்மாள் ஆச்சரியமாகத் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் ரெண்டு கூட அடிக்குதும்மா. அது தப்பா எண்ணலை. அது சரியாத்தான் எண்ணுது. முள்ளுதான் பின்னால போயிடுச்சு."

லீலா எல்லாவற்றையும் சொன்னாள். பத்தில் நின்றதையும், சத்தம் வராமல் எட்டுக்குப் போனதையும் சொன்னாள். யார் திருப்பினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"யார் திருப்பினது?" என்றார் அம்மாள்.

லீலா தரையைப் பார்த்தாள்.

"நாந்தாம்மா," என்று யாகப்பன் வாசலிலிருந்து கையைத் தூக்கினார். பள்ளிப் பையன் மாதிரி இருந்தது. "கோதண்டண்ணன் மேல ஒண்ணும் இல்லீங்க."

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சரி. இதுக்கு என்ன செய்யணும்?" கேள்வியை அவர் லீலாவிடம்தான் கேட்டார்.

"இப்ப பதினொண்ணு அடிச்சிருக்கு. சின்ன முள்ளை மட்டும் பதினொண்ணுல வைக்கணும். அப்புறம் நிஜமாவே பதினோரு மணி ஆகிறவரைக்கும் அது தூங்கணும். அதோட மிச்ச லீவு."

"சின்ன முள் தனியா நகருமா?"

இப்போது எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். அவர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்தார். குனிந்து பார்த்தார். மூக்கு கிட்டத்தட்ட பீங்கானில் பட்டது.

"பெரிய முள்ளுக்கு ஆணி கீதும்மா. சின்ன முள்ளுக்கு ஆணி இல்ல. சும்மா குழாய் மேல செருகிக் கீது. நகரும்."

"நகர்த்துங்க."

இரும்பைக் கடைகிற விரல்கள். கறுத்து, தடித்துப்போனவை. அவற்றின் நுனியால் அவர் அந்த மெல்லிய முள்ளைத் தொட்டார். முள் மெல்ல நகர்ந்தது. ஒன்பதிலிருந்து பத்து. பத்திலிருந்து பதினொன்று. பெரிய முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு பின்பக்கக் கதவைத் திறந்து ஊசலைப் பிடித்தார்.

டிக்.

"தூங்கு," என்றாள் லீலா. இந்த முறை அம்மாளும் லேசாகச் சிரித்தார்.

அந்த இரண்டு மணி நேரமும் பட்டறையில் வேலை நடந்தது. ஆனால் யாருக்காவது தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது, யாருக்காவது அலுவலகத்தில் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எழுந்துடுச்சா?"

"இல்ல. தூங்குது."

"குறட்டை வுடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார் சின்னப்பையன்.

அம்மாளின் கைக்கடிகாரத்தில் பதினொன்று தாண்டியது. இரண்டு கடிகாரங்களிலும் முட்கள் ஒரே இடத்துக்கு வந்தன.

"நீயே எழுப்பு," என்றார் அம்மாள்.

லீலா ஸ்டூலில் ஏறினாள். ஊசலை ஒரு விரலால் மெல்லத் தள்ளினாள். டிக், டிக், டிக்.

பதினொன்றரைக்கு ஒன்று அடித்தது. அதில் ஒன்றும் தெரியாது. எப்போதுமே அரை மணிக்கு ஒன்றுதான். இனி பன்னிரண்டு ஆகவேண்டும்.

பன்னிரண்டு நெருங்கியபோது இயந்திரங்களை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாகவே ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் வராந்தாவில் கூடினார்கள். யாகப்பன் வேப்பமரத்தடியில் சுத்தியலுடன் நின்றார். எதிர்ப்பக்கம் பாண்டுரங்கனும் வாசலுக்கு வந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

பெரிய முள் மேலே வந்தது. உள்ளே ஏதோ கிர்ரென்றது.

டிங்.

"ஒண்ணு," என்றார்கள் எல்லோரும்.

டிங்.

"ரெண்டு."

பழைய தப்பு அப்படியே இருந்தால் இதோடு நின்றுவிடும். லீலா அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

டிங்.

"மூணு!"

அப்புறம் எண்ணவில்லை, கத்தினார்கள். "நாலு! அஞ்சு! ஆறு!" சின்னப்பையன் ஒவ்வோர் எண்ணுக்கும் டிபன் கேரியரைத் தட்டினார். "பத்து! பதினொண்ணு! பன்னண்டு!"

கடிகாரம் நிறுத்தியது. அதற்கு மேல் ஒரு அடிகூட இல்லை.

யாகப்பன் தண்டவாளத்தை அடித்த அடியில் வேப்பமரத்திலிருந்து காக்கைகள் பறந்தன.

"யோவ் பாண்டுரங்கா!" என்று அவர் சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கூவினார். "எண்ணிக்கினியா? உங்க மில்லுல எண்ணத் தெரிஞ்சவன் யாராச்சும் கீறானா?"

பாண்டுரங்கன் தன் டிபனைத் திறக்கப் போய்விட்டார். அவருக்கும் சாப்பாட்டு நேரம் தெரிய வேண்டியிருந்ததே!

அலுவலக அறையில் அம்மாள் கைப்பையைத் திறந்தார். சாவியை வெளியே எடுத்தார்.

"எங்க அப்பா இந்தக் கடிகாரத்தைத் தினமும் துடைப்பார். வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவார்," என்றார். "ஆனா இதுக்கு லீவு வேணுமான்னு எங்க வீட்டுல ஒருத்தரும் கேட்டதில்லை."

சாவியைக் கோதண்டத்திடம் நீட்டினார். "நான் அவசரப்பட்டுட்டேன் கோதண்டம். வச்சுக்கோங்க."

கோதண்டம் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"அடுத்த ஆயுத பூஜைக்கும் இதுக்கு லீவு உண்டு," என்றார் அம்மாள். "முழு நாள். நடுவுல யாரும் எழுப்பக்கூடாது. யாகப்பன், கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா!" என்று வேப்பமரத்தடியிலிருந்து குரல் வந்தது.

அம்மாள் தொப்பிக்காரியை உற்றுப் பார்த்தார். "நெத்தி காலியா இருக்கே. அந்தக் குங்குமம் எங்கே?"

லீலா தீக்குச்சி தேட ஓடினாள்.

திங்கட்கிழமை காலையில் ஒரு சத்தம் கேட்டு லீலா விழித்தாள். கோதண்டம் கண்ணாடி முன்னால் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். விசில் அடித்துக்கொண்டே.

"இன்னா பாக்கறே? கெளம்பு. நீதான் இன்னிக்குச் சாவி குடுக்கணும்."

"நானா?"

"பின்ன? லீவு குடுத்தவங்கதானே வேலைக்கும் கூப்பிடணும்?"

இருவரும் பட்டறைக்கு நடந்தார்கள். சாவி லீலாவின் கையில் இருந்தது. மில் வாசலில் பாண்டுரங்கன் பல் குச்சியுடன் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா கோதண்டம், கடியாரம் சரியாப் போச்சாமே? ரிப்பேரு பண்றவரு மெட்ராஸ்லேர்ந்து வந்தாரா?"

கோதண்டம் நின்றார். லீலாவின் தோளில் கையை வைத்தார்.

"இல்லப்பா," என்றார். "எங்க வூட்லேர்ந்து வந்தாங்க."

சொல்லிவிட்டு விசில் அடித்துக்கொண்டே சாலையைக் கடந்தார்.